பாவமா, தீமையா? நார்வே விவசாயிகளின் சபையும் தமிழ் லுத்தரன் சாதியும்

1895இல் கிருஷ்ணகிரியில் ஒரு லுத்தரன் மிஷன் வேலை தொடங்கியது. அரூரிலிருந்து ஊத்தங்கரை வழியாகப் பஸ் பிடித்தால் போய்விடுகிற தூரம்தான். வந்த பாதிரிகள் ஜெர்மானியர். கிருஷ்ணகிரியில் தியோடர் நேதர், அடுத்த ஆண்டு ஆம்பூரில் ஃபிரான்ஸ் மோன். அவர்களை அனுப்பியது அமெரிக்காவின் மிசௌரி சினாடு. இந்த மிசௌரி சினாடு யார் என்று துருவிக்கொண்டு போனதில்தான், விஸ்கான்சின் மாநிலத்தில் நார்வேக் குடியானவர்கள் கட்டிய ஒரு மரக்கோயிலின் கதைக்கு வந்து சேர்ந்தேன். சுற்றுவழிதான். ஆனால் கிறிஸ்தவத்துக்குள் சாதி எப்படி இத்தனை சௌகரியமாக உட்கார முடிந்தது என்று நாம் இங்கே பேசும்போதெல்லாம் விட்டுப்போகிற ஒரு கண்ணி அந்தக் கோயிலில் கிடக்கிறது.

அன்றைய நார்வேயில் திருச்சபை அரசாங்கத்தின் ஓர் இலாகா. பாதிரியார் அரசு அதிகாரி. படித்த உத்தியோக வர்க்கத்தைச் சேர்ந்தவர். பாதிரியின் அனுமதியில்லாமல் சாமானியர் கூட்டம் கூடிப் பிரசங்கம் செய்வதை 1741ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுத்தது. ஹான்ஸ் நீல்சன் ஹௌகே என்ற விவசாயி மகன் ஊர் ஊராய் நடந்து பிரசங்கம் பண்ணினார் என்று 1804இல் பிடித்துச் சிறையில் போட்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். 1842இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1825 முதல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். போகப்போக அடுத்தவர் பண்ணையில் குடிசை போட்டு உழைத்துக் கிடந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாதிரியார் மேல் ஒரு கசப்பு அவர்களோடு கூடவே கடல் தாண்டியது. மஸ்கீகோ என்ற குடியிருப்பில் 1843இல் இவர்கள் ஒரு சபையானார்கள். ஹெக் என்பவரின் தானியக் கொட்டகையில் ஆராதனை நடந்தது. கிளாஸ் கிளௌசன் என்ற டென்மார்க் இளைஞரைக் குருவாக ஏற்றார்கள். 1845இல் அபிஷேகமான அவர்களுடைய மரக்கோயில்தான் அமெரிக்காவில் நார்வே லுத்தரன்கள் கட்டிய முதல் கோயில்.

1853இல் பல சபைகள் சேர்ந்து நார்வீஜியன் சினாடு உருவானது. இதன் பாதிரிகள் பெரும்பாலும் கிறிஸ்தியானியா பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர்கள். குருமாணவர்களுக்குச் சொந்தக் கல்லூரி கிடையாது. ஆகவே 1850களின் கடைசியிலிருந்து, செயின்ட் லூயிஸ் நகரில் மிசௌரி சினாடு நடத்திய கன்கார்டியா செமினரிக்கு மாணவர்களை அனுப்பினார்கள். மிசௌரி அடிமை முறை நடப்பில் இருந்த மாநிலம். 1861இல் உள்நாட்டு யுத்தம் மூண்டு மாணவர்கள் வீடு திரும்பியபோது குடியானவர்கள் நேராகவே கேட்டார்கள்: அங்கே எங்கள் பிள்ளைகளுக்கு அடிமை முறை பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

அந்தக் கோடையில் விஸ்கான்சினில் கூடிய சினாடில் பாதிரிகள் பதில் சொன்னார்கள். அடிமை முறை ஒரு தீமை, கடவுளின் தண்டனை. ஆனால் அடிமை வைத்திருப்பது தன்னளவில் பாவம் அல்ல. இந்த வாக்கியத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாவம் என்றால் சபை கேள்வி கேட்டாக வேண்டும், செய்தவன் மனந்திரும்பும்வரை திருவிருந்தை மறுக்க வேண்டும். தீமை என்றால் வருத்தப்பட்டால் போதும். ஆன்மாவுக்கு ஓர் ஆளுகை, உலக ஒழுங்குக்கு வேறோர் ஆளுகை என்று லூத்தர் பிரித்ததை எடுத்துக்கொண்டு, எஜமான்–அடிமை உறவை உலகத்தின் பக்கம் தள்ளிவிட்டால், பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே வேடிக்கை பார்க்கலாம். குடியானவர்களுக்கு இந்தத் தர்க்கம் ஏறவில்லை. கையெழுத்துப் போட்ட கிளௌசன் அதைத் திரும்பப் பெற்றார். 1868இல் சினாடை விட்டே வெளியேறினார். நார்வேக்காரர்களின் பதினைந்தாம் விஸ்கான்சின் படைப்பிரிவில் சில காலம் மதகுருவாகவும் இருந்தவர் அவர். அதன் தளபதி, அதே கொட்டகைக்காரரின் மகன் ஹான்ஸ் கிறிஸ்தியான் ஹெக், 1863இல் சிக்கமாகா போரில் செத்தார்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1833இல் ஆங்கிலிகன் பிஷப் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாக, முழுமையாக விட்டாக வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். கணிசமானவர்கள் பின்னர் லைப்சிக் மிஷன் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், சாதியை விட்டதற்குச் சாட்சி சேர்ந்து உண்பதுதான் என்றார்கள். லைப்சிக் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் அந்த வருஷங்களில் தமிழ்நாட்டிலேயே இருந்தார். அவர் முடிவு இதுதான்: சாதி சமூக அந்தஸ்து சார்ந்த ஏற்பாடு, அது மெல்லத் தேயட்டும், சட்டம் போட்டு ஒழிக்கக் கூடாது. திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் பெயர்த்த அதே கிரௌல்! தமிழறிவு சாதியுணர்வைக் கரைத்துவிடும் என்று நம்புகிற நண்பர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

லைப்சிக் மிஷனுக்குள்ளிருந்தே இதை எதிர்த்தவர் கார்ல் ஓக்ஸ். அவர் வெளியேறி, நெல்லிக்குப்பம் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் ‘பெத்தானியா’ என்று ஓர் ஊழியத்தைத் தொடங்கினார். வருஷம் 1861. பின்னர் டேனிஷ் மிஷன் அவரைத் தன் ஆளாக ஏற்றது. 1950இல் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது அந்த மரபுதான்.

ஒரே வருஷம் என்பது தற்செயல். ஆனால் வாதம் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. மிசௌரி சினாடை நிறுவியவர்களில் முக்கியமானோர் 1839இல் அமெரிக்கா போன சாக்சனியர்கள். லைப்சிக் மிஷன் பிறந்ததும் சாக்சனியில்தான், 1836இல், டிரெஸ்டனில். அங்கே அடிமை, இங்கே சாதி. இரண்டுக்கும் ‘உலக ஒழுங்கு’ என்ற ஒரே பரண். தூக்கி மேலே போட்டுவிட்டால் கண்ணில் படாது.

அப்படியானால் நார்வே விவசாயிகள் நம்மைவிட உயர்ந்தவர்களா? அவசரப்பட வேண்டாம். அவர்கள் சபையில் பக்கத்துப் பெஞ்சில் அடிமை யாரும் உட்காரவில்லை, அவர்கள் வயலில் அடிமை உழைக்கவுமில்லை. அடிமை முறை ஒழிந்தால் அவர்களுக்குப் போவது எதுவுமில்லை. தஞ்சாவூரிலோ பறையர் கிறிஸ்தவர் அதே கோயிலில், வேறு பாயில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வேளாளக் கிறிஸ்தவரின் வயலில் நின்றார். அங்கே ‘பாவம்’ என்று ஒப்புக்கொண்டால் பாயோடு நிற்காது. கூலி, களத்துமேடு, சுடுகாடு, கல்யாணம் எல்லாம் கூடவே வரும்.

அந்த விவசாயிகளுக்கும் இழக்க ஒன்று இருந்தது. நிலம். தென்கிழக்கு விஸ்கான்சின் 1833ஆம் வருஷ சிகாகோ ஒப்பந்தம்வரை போட்டவாட்டமி பழங்குடிகளின் மண். மினசோட்டாவில் 1862இல் டகோட்டா மக்கள் கிளர்ந்தெழுந்தபோது குடியேறிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், நார்வேக்காரர்கள் உட்பட; டிசம்பரில் 38 டகோட்டாக்களை ஒரே மேடையில் தூக்கில் போட்டது அரசு. அடிமை முறைக்காக ஆண்டுக்கணக்கில் சினாடில் மல்லுக்கட்டியவர்கள், இந்த நிலத்தில் நாங்கள் உட்கார்ந்திருப்பது பாவமா தீமையா என்று அதே மாதிரி ஒரு சண்டை போடவில்லை. 1880களில் சினாடு மறுபடி பிளந்தது. காரணம், யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்ததெப்படி என்ற விவாதம்.

கிருஷ்ணகிரிக்கு வந்த நேதரும் ஆம்பூருக்குப் போன மோனும்கூட முதலில் லைப்சிக் மிஷன் ஆட்கள்தான். ஓக்ஸ் மாதிரியே அதோடு மோதி வெளியே வந்தவர்கள். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் தெய்வ ஏவுதலால் பிழையின்றி எழுதப்பட்டதா என்பதே மோதலின் பொருள். ஓக்ஸ் மிஷனைவிட்டு வந்த காரணம், முப்பது சொச்சம் வருஷம் கழித்து வந்த இந்த விவகாரத்தில் பேச்சுக்கே வரவில்லை.