வீங்கிய காலை நீவ வேண்டாம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே,



சிசேரியன் ஆகிப் பன்னிரண்டு நாளான ஒரு சகோதரியை அண்மையில் நம் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். இடது கால் மட்டும் தொடைவரை வீங்கியிருந்தது. பச்சை உடம்பு என்று சொல்லி அவரைப் படுக்கையைவிட்டு எழவிடவில்லை. வீக்கம் கண்டதும், மாமியார் அன்போடு இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டிருக்கிறார். இரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரான நம் டாக்டர் காலைப் பார்த்தவுடன், "இனி யாரும் நீவக்கூடாது" என்றார்.

ஏன்? நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் சிரைகளிலுள்ள இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் ஓட்டம் மந்தமாகும். பிரசவத்துக்குப் பின்பும் அறுவை சிகிச்சைக்குப் பின்பும் இரத்தம் எளிதில் உறையும். அப்படி உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால், சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம்.

டாப்ளர் ஸ்கேன் கட்டி இருப்பதை உறுதிசெய்தது. "உடனே ஆபரேஷன் செய்யுங்கள் ஐயா" என்று கணவர் மன்றாடினார். டாக்டரோ கத்தியை எடுக்கவில்லை. சிரையில் உறைந்த கட்டி மேலும் வளராமல் தடுக்க ஹெப்பாரின் ஊசியும், பின்பு மாத்திரையுமே பெரும்பாலும் போதும். கட்டியைச் சரீரமே சிறிது சிறிதாகக் கரைத்துவிடும் என்று விளக்கினார்.

தமனி அடைபட்டால் கதை வேறு. கால் வெளிறிச் சில்லிட்டுப் போகும். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்காவிட்டால் காலையே இழக்க நேரிடலாம். அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி 1963-இல் அறிவித்த பலூன் குழாய் இன்றும் அதற்கு உதவுகிறது. எப்போது கத்தி, எப்போது பொறுமை என்று அறிவதே இந்த மருத்துவரின் திறமை.

அச்சகோதரி குழந்தையோடு வீடு திரும்பினார். ஆனால் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கும் அடிக்கடி வர வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பஸ் செலவே பாரம். அந்தப் பாரத்தை உங்கள் காணிக்கைகள் சுமக்கின்றன.

அன்பானவர்களே, உங்கள் சபைகளிலும் இதைச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பிரசவித்த தாய்மாரை, மருத்துவர் சொன்னபடி எழுந்து நடக்கவிடுங்கள்.



கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்