கூந்தல் உதிர்வும் வைட்டமின் 'டி'யும்

வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டிலும் வைட்டமின் 'டி' குறைந்த பெண்கள் பலர். தோலின்மேல் புற ஊதாக் கதிர் படும்பொழுது உண்டாகும் இப்பொருள் எலும்பிற்கு உறுதியளிப்பது என்பது பழைய செய்தி. கூந்தலுக்கும் அதற்கும் தொடர்புண்டா என்பதே இப்பொழுது எழுந்துள்ள வினா.

எகிப்தில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முடி உதிரும் 80 பெண்களின் இரத்தத்தில் இவ்வைட்டமினும் இரும்புச் சத்தின் சேமிப்பும், அக்குறையற்ற 40 பெண்களைவிடக் குறைந்திருந்தன. ஆயினும் ஒருங்கே காணப்பட்டதனாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று துணிதல் இயலாது.

மயிர்க்காலின் உயிரணுக்களில் இவ்வைட்டமினைப் பற்றிக்கொள்ளும் 'ஏற்பி' என்னும் புரதம் உண்டு. அது பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகளுள் பலருக்கு எலும்பு வளைவதோடு தலைமுடியும் உதிர்ந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தை மிகுதியாக அளித்தால் எலும்பு தேறுகிறது, முடியோ மீள்வதில்லை. வியப்பு யாதெனில், ஏற்பி செம்மையாக இருந்து, வைட்டமினைச் செயல்வடிவாக்கும் நொதி மட்டும் குறைபட்ட குழந்தைகள் முடியை இழப்பதில்லை. ஆகவே மயிர்க்காலுக்கு இன்றியமையாதது ஏற்பியே. வைட்டமினின் பங்கு இன்னும் ஐயத்திற்குரியது.

மகப்பேற்றுக்குப்பின் சில திங்களில் நேரும் உதிர்வு பெரும்பாலும் தானே நின்றுவிடும். பிறர்க்கு இரத்தச் சோகையும் தைராய்டுக் கோளாறும் முதலில் ஆராயத்தக்கவை. சோதனையில் வைட்டமின் குறைவு தெரிந்தால், எலும்பின் பொருட்டேனும் மருத்துவர் குறிக்கும் அளவில் உட்கொள்ள வேண்டும். கூந்தலுக்கென்று தாமே மாதக்கணக்கில் மிகு அளவு மாத்திரைகளை விழுங்குவதில் இடர் உண்டு. இது கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைப் பெருக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.