ஞாயிறு காலை என்னுடையது

சென்னை மெரினாவில் நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்தும் உழைப்பாளர் சிலையை வரைய உட்கார்ந்தால் பாறையை முதலில் போடக் கூடாது. நான்கு பேரின் முதுகும் தோளும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து, அந்தச் சாய்வை நான்கே கோட்டில் இழுத்துவிட வேண்டும். பாறை தானாக வந்து அமர்ந்துகொள்ளும். பாறையிலிருந்து தொடங்கினால் ஆட்கள் அதன்மேல் ஒட்டவைத்த பொம்மைகளாகிவிடுவார்கள்.

சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. எழும்பூர் ஓவியப் பள்ளியைக் கால் நூற்றாண்டுக்கும் மேல் நடத்தியவர். சிலை நிறுவப்பட்டது 1959இல். அதற்கு முன்பே, 1923 மே முதல் நாள், தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் இதே கடற்கரையில் கூட்டம் கூட்டி இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஒரு கூட்டம் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்கிற மணலுக்கு இப்படி ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எனக்கு அது முக்கியம். ஏனென்றால் இந்த ஞாயிறே யாரோ கேட்டு வாங்கிக் கொடுத்ததுதான்.

பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் மனுப்போட்டு, கூட்டம் நடத்தி, 1890இல்தான் வாரம் ஒரு நாள் ஓய்வைப் பெற்றுத் தந்தார். அதுவரை ஆலைச் சங்கு எல்லா நாளும் ஊதியது. சனிக்கிழமையும் சேர்ந்து விடுமுறையானது வேறு கதை. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1926இல் தன் கார் தொழிற்சாலைகளில் வாரம் ஐந்து நாள் வேலை என்று வைத்தார். அந்த வழக்கம் உலகெங்கும் பரவி, அமெரிக்க வாடிக்கையாளர்களின் நாட்காட்டியோடு பழைய மகாபலிபுரம் சாலைக்கும் வந்துசேர்ந்தது. என்னைப் போன்ற ஐ.டி. ஊழியர்களுக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைப்பது அப்படித்தான்.

என் விடுதி அறைத்தோழிக்கு அது இல்லை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். ஊர் முழுக்கக் கடைக்கு வருகிற சனி ஞாயிறுதான் அவளுக்கு முதுகு ஒடிகிற நாள், ஓய்வு செவ்வாய்க்கிழமை. கடை ஊழியர்கள் இடையில் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியதே 2021இல்தான். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, அறையில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பும் வந்தது. அன்று அவள் சொன்னது: “அக்கா, நமக்குக் கெடைச்சிருக்கறத நாமளே வீணாக்கக் கூடாது.” இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதிய புரோகிராம் எங்கே உடையும் என்று தேடித் தேடிப் பார்ப்பது. எனக்கு அது பிடித்த வேலை. ஒரு பெரிய பிழையை ரிலீசுக்கு முன்னால் பிடித்துவிட்டால் அந்த வாரமே வெளிச்சமாகிவிடும். பிடிக்காமல் விட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி போன் வரும். நியூயார்க் குழுவோடு தினமும் ஒரு மீட்டிங் உண்டு: அவர்களுக்குக் காலை ஒன்பதரை, நமக்கு இரவு ஏழு. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அது எட்டு மணியாகிவிடும். மார்ச்சில் மறுபடி ஏழு. வருஷத்தில் நான்கு மாதம் என் சாயங்காலம் சுருங்குவதும் எட்டு மாதம் விரிவதும் எங்கோ ஒரு நாட்டின் வெயில் கணக்கைப் பொறுத்தது.

இப்படி வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமை என்ன செய்கிறோம்? துணி துவைக்கிறோம், தூங்குகிறோம், படுத்தபடி போனில் வீடியோவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். திங்கள் வரும்போது ஓய்வெடுத்த மாதிரியே இருப்பதில்லை. ஏன் என்று ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனென்டாக் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவரும் ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேலை முடிந்த பிறகு மனிதர் தேறுவதற்கு நான்கு அனுபவங்களைச் சொல்கிறார்கள். வேலையைப் பற்றிய நினைப்பே அறுபட வேண்டும். உடம்பும் மனமும் தளர வேண்டும். புதிதாக ஒன்றைக் கற்றுக் கைவரப்பெற வேண்டும். அந்த நேரத்தை என்ன செய்வது என்பது நம் கையில் இருக்க வேண்டும். படுத்துக்கிடப்பதில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது மட்டும். முதலாவது கிடைக்க வேண்டுமானால் மனதை வேறொன்று முழுசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வேறொன்று, தெருவில் உட்கார்ந்து வரைவது.

இது தனிக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அதன் குழுக்கள் இருக்கின்றன. முதன்மையான விதி ஒன்றுதான்: போட்டோவைப் பார்த்து வரையாமல், இடத்துக்கே போய், கண்ணால் கண்டதை வரைய வேண்டும். செலவு அதிகமில்லை. 200 ஜிஎஸ்எம் தாளில் ஒரு நோட்டு, தண்ணீரில் கரையாத மை ஊற்றிய பேனா, சின்ன வாட்டர்கலர் டப்பா, ஒரே ஒரு பிரஷ் போதும். மீதிப் பாடத்தைச் சென்னையின் காற்று சொல்லித்தரும். மே மாதத்தில் வானத்துக்கு நீலம் பூசினால் பிரஷ் தாளின் மறுமுனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்து கோடு விழுந்துவிடும். அதனால் தாளை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். நவம்பரில் நேர்மாறு: ஈரம் இறங்கவே இறங்காது, ஒரு நிறம் காய்வதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

ஒரு பெண்ணுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011இல் ‘வை லாய்ட்டர்?’ என்ற நூலை எழுதினார்கள். பொது இடத்தில் நிற்கிற பெண், தான் ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறேன் என்று எப்போதும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். சென்னையிலும் அதேதான். பஸ் ஸ்டாப்பில் பஸ்ஸைப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் சாமி கும்பிட வேண்டும். சும்மா உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். மடியில் நோட்டு இருந்தால் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படியோரம் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் யாரும் எழுப்புவதில்லை. கேள்விகள் மட்டும் வரும். “சர்வேயா கண்ணு? கடைய இடிக்கப் போறாங்களா?” என்று ஒரு பூக்கார அம்மா நிஜமான பயத்தோடு கேட்டார். மெட்ரோ வேலை நடக்கிற ஊரில் அந்தப் பயம் நியாயமானது. இல்லைம்மா, சும்மா படம் போடுறேன் என்று காட்டியதும் உட்கார்ந்து பார்த்தார். “பூ கூடைய இன்னும் கொஞ்சம் பெருசா போடு. வியாபாரமே இல்லாத மாதிரி இருக்கு.” பெரிதாக்கினேன். அவர் சொன்னது சரி, படமும் நேராயிற்று.

இனி, எல்லோரும் கேட்கிற விஷயம். முப்பது வயதாகிறது, கல்யாணம்?

என் தலைமுறைக்கு இது இரண்டு வாசல். ஒன்று வீட்டார் பார்க்கிற மேட்ரிமோனி தளம். இன்னொன்று நாமே போனில் வைத்திருக்கும் டேட்டிங் ஆப். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆப்பில் ஆட்களின் படங்கள் வரிசையாக வரும், பிடித்தால் வலப்பக்கம் தள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். இருவரும் வலப்பக்கம் தள்ளியிருந்தால்தான் பேச முடியும். கேட்பதற்குச் சுலபம். நடைமுறையில் அது இரண்டாவது ஆபீஸ் ஆகிவிடுகிறது. மீட்டிங்குகளுக்கு நடுவே பதில் போட வேண்டும், சனிக்கிழமை எங்கே சந்திப்பது என்று நேரம் குறிக்க வேண்டும், ஒவ்வொருவரிடமும் சொந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே சம்பள பேக்கேஜ் எவ்வளவு, வெளிநாட்டுக்கு ஆன்சைட் போவீங்களா என்று இருபக்கமும் கேள்வி. வேலைக்கான இன்டர்வியூவில் பழகிய வாய் அப்படித்தான் பேசுகிறது. யாரையும் குறை சொல்லவில்லை.

பெசன்ட் நகரில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் இருக்கிறதே, 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்கு எழுப்பிய வெள்ளை வளைவு, அதை வரைந்துகொண்டே அப்படி அறிமுகமான ஒருவரோடு பேசினேன். நல்ல மனிதர். “இத வித்தா எவ்வளவு வரும்? இன்ஸ்டால பேஜ் ஆரம்பிங்களேன்” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். கலையை விற்பது தாழ்வு என்று நான் நினைக்கவில்லை. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கைவினை சோறு போட்டது. ஓவியம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் இருந்தது. எனக்கு டெஸ்டிங் சோறு போடுகிறது. நோட்டுக்கும் ஒரு டார்கெட் வைத்தால் ஞாயிறும் திங்களாகிவிடும். அவருக்கு இதை விளக்கினேன். அவருக்கு அது விநோதமாகப் பட்டது. அதோடு முடிந்தது.

இன்னொருவரோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பழகினேன். அன்பானவர். சனியும் ஞாயிறும் முழுசாகச் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று இருவருக்குமே ஆசை. சினிமா, மால், பிரியாணி, மறுபடி சினிமா. நோட்டு பையிலேயே கிடந்தது. அவர் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டும் உறை போட்டபடி கிடந்தது. பொங்கலுக்குள் பேச்சு வற்றிவிட்டது. வாரம் முழுக்க ஆபீஸ், வாரக் கடைசி முழுக்க நாங்கள் இருவர். ஒருவருக்கொருவர் சொல்ல வெளியிலிருந்து எதையுமே கொண்டுவரவில்லை. பிரிவு வலித்தது. ஆபீஸ் கழிப்பறையில் முகம் கழுவிவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்த நாட்கள் உண்டு. அப்புறம்தான் ஞாயிறு காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை யாருக்கும் இல்லை என்று வைத்தேன். அம்மா போனுக்கும் இல்லை, ஆபீசுக்கும் இல்லை, காதலுக்கும் இல்லை.

இப்போது பழகுகிறவர் பெருங்குடியில் மெடிக்கல் கோடிங் செய்கிறார். அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, இன்சூரன்ஸ் பணத்துக்கான குறியீட்டு எண் போடுகிற வேலை, நைட் ஷிப்ட். ஷிப்ட் முடிந்ததும் நேரே தூங்கப் போகாமல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்து ஓரம் பைக்கை நிறுத்திப் பறவை பார்ப்பார். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். ஒரு பக்கம் குப்பைக் கிடங்கு, ஒரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள், நடுவே பூநாரையும் நீலத் தாழைக்கோழியும். பைனாகுலரோடு நிற்கும்போது அவரும் பேச மாட்டார். முதல் தடவை சந்தித்தபோது சம்பளப் பேச்சே வரவில்லை. தாழைக்கோழி தன் நீளக் கால்விரலால் தண்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிடும் விதத்தை டீ கிளாசைப் பிடித்துக் காட்டினார். நான் அதை அங்கேயே வரைந்தேன். விரல் சரியில்லை என்று திருத்தினார்.

ஞாயிறு பத்து மணிக்கு இருவரும் ஒரு ஹோட்டலில் சந்திக்கிறோம். அவருக்குத் தூக்கக் கண், எனக்கு விரலெல்லாம் மை. இட்லி வருவதற்குள் அவர் பார்த்ததைச் சொல்வார், நான் வரைந்ததைக் காட்டுவேன். எல்லா வாரமும் இனிமை என்று சொல்ல மாட்டேன். நவம்பரில் என் நியூயார்க் மீட்டிங் தள்ளிப்போனதும் வாரநாளில் பேசிக்கொள்ள இருந்த அரைமணியும் போனது. அவர் ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. தூக்கம் கெட்டால் கோபம் வருகிறது, அவருக்கும் எனக்கும். ஆனாலும் பேச விஷயம் தீரவில்லை.

வரும் பொங்கல் லீவில் இரண்டு வீட்டிலும் சொல்வதாக இருக்கிறோம். அவர் வீட்டு ஹாலில் என் தாழைக்கோழிப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. யார் வரைந்தது என்று அவருடைய அம்மா கேட்டதற்கு, கூட வேலை செய்கிறவர் என்று சொல்லியிருக்கிறார். அதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.