வீட்டிலிருந்தே பிளஸ் டூ?

"ஸ்கூல் வேணாம், வீட்லயே படிக்கிறேன்"னு ஒன்பதாவது படிக்கிற தம்பி சொன்னா உடனே திட்டாதீங்க. வழி இருக்கு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 14 வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அதில் தேறி 15 வயதும் ஆனால் பிளஸ் டூவுக்கும் பதியலாம். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகள். பிளஸ் டூவில் ஐந்து பாடங்கள் இருந்தால் ஜே.இ.இ.யும் எழுதலாம்.

சிக்கல் சான்றிதழில் இல்ல. மணி அடிக்காத வீட்டில் தினமும் புத்தகத்தை எடுக்கணும். கூடப் படிக்க நண்பர்கள் இருக்க மாட்டாங்க. அதனால முதல்ல இதைக் கேளுங்க: பள்ளியில ஏதாவது பிரச்சினையா, இல்ல சொந்தமா படிக்கிற ஆசையா? பிரச்சினைன்னா, பள்ளியை மாத்தினாலே தீரலாம். ஆசைன்னா, கோடை விடுமுறையில் ஒரு மாசம் தானே டைம்டேபிள் போட்டுப் படிச்சுப் பார்க்கட்டும். முடிவு அவனுக்கே தெரிஞ்சிடும்.