பொருளை ஆராயப் பொருளுதவி

பூம்புகார் என்றதும் கண்ணகியும் அவள் காற்சிலம்புமே நம் நினைவிற்கு வருகின்றன. பாண்டியன் அவையில் அவ்வழக்கு எவ்வாறு தீர்ந்தது? அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த இரண்டையும் உள்ளே இருந்த பொருளே வேறுபடுத்திக் காட்டியது. அதே காப்பியம் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த பொற்கொல்லரையும் கன்னாரையும் இரும்புக் கொல்லரையும் நம் கண்முன் நிறுத்துகிறது. பொருளின் தன்மையை அறிந்து பயன்படுத்தும் கலை நம் மண்ணுக்குப் புதியதன்று. அக்கலையே இன்று பொருளறிவியல் என்னும் பெயரில் உலகெங்கும் வளர்ந்து நிற்கிறது.

பொருளறிவியல் என்பது யாது?

பென்சிலில் உள்ள கரியும் மோதிரத்தில் உள்ள வைரமும் ஒரே தனிமமாகிய கார்பனே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறு. அதனால் ஒன்று காகிதத்தில் தேய்கிறது, மற்றொன்று கண்ணாடியை அறுக்கிறது. ஒரு பொருளின் உள்ளமைப்பு யாது, அதனால் அதற்கு என்ன குணம் உண்டாகிறது, எவ்வாறு பக்குவப்படுத்தினால் அக்குணம் மாறும் என்று ஆராய்வதே இத்துறை.

நம் கடற்கரையே இதற்கு ஓர் ஆய்வுக்கூடம் எனலாம். கீழையூரில் தொல்லியலார் கண்டெடுத்த பழைய படகுத்துறையின் செங்கற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்தும் கரைந்து போகவில்லை. ஆனால் கடலோர வீட்டின் சன்னல் கம்பி சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து உதிர்கிறது. உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. சுட்ட மண்ணை அவ்வாறு அரிப்பதில்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நம் மீனவர்களின் கட்டுமரங்கள் பல மறைந்து, கண்ணாடி இழையால் ஆன ‘பைபர்’ படகுகள் பெருகின. மரம் போய் இழை வந்ததும் பொருளறிவியலின் கதையே.

உதவித்தொகை திறந்த கதவுகள்

“ஆராய்ச்சி என்பது வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது” என்று எண்ணுவோர் பலர். இரு பெண்மணிகளின் வாழ்வைப் பார்ப்போம்.

போலந்து நாட்டு ஏழை ஆசிரியரின் மகளான மேரி கியூரி, பாரிசில் தம் படிப்பைத் தொடர வழியின்றி நின்றபோது 1893-இல் 600 ரூபிள் உதவித்தொகை பெற்றார். அடுத்த ஆண்டு, பிரான்சின் தொழில் ஊக்குவிப்புக் கழகம் பலவகை எஃகுகளின் காந்தத் தன்மையை ஆராயும் பணியை ஊதியத்துடன் அவரிடம் ஒப்படைத்தது. ரேடியத்தைக் கண்டறிந்து இருமுறை நோபல் பரிசு பெற்றவரின் ஆய்வு வாழ்க்கை எஃகில்தான் தொடங்கியது! அவர் செய்த மற்றொரு செயலும் போற்றத்தக்கது. தாம் ஈட்டிய பணத்தில் மிச்சம் பிடித்து அந்த 600 ரூபிளையும் திருப்பிக் கொடுத்தார், வேறொரு மாணவிக்குப் பயன்படட்டும் என்று.

இனி நம் நாட்டவர் ஒருவர். 1918-இல் பீர்மேட்டில் பிறந்த அன்னா மாணி, எட்டாம் பிறந்த நாளில் வீட்டார் தரவிருந்த வைரத்தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940-இல் உதவித்தொகையுடன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கு சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில், காதில் அணிய மறுத்த அதே வைரத்தையும் மாணிக்கத்தையும் ஒளியால் ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1945-இல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். அங்கே கிடைத்தது வானிலைக் கருவிகளுக்கான பயிற்சி மட்டுமே. அதையே ஏற்றுக் கற்று, 1948-இல் திரும்பி, இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். விரும்பிய கதவு மூடினும் திறந்த கதவில் நுழையும் துணிவை அவரிடம் கற்கலாம்.

நமக்கு அருகில்

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால் எழுந்தது அது. உலோக அரிமானமும் மின்கலங்களும் அங்கு ஆராயப்படுகின்றன. கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலைகளுக்கான உலோகங்கள் ஆராயப்படுகின்றன. சுவாமிமலைச் சிற்பிகள் காவிரி வண்டலால் அச்சுச் செய்து வார்க்கும் படிமக் கலையையும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் உலோகக் கலவையையும் அறிவியல் கண்கொண்டு ஆராய்ந்தவர் முனைவர் சாரதா சீனிவாசன். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஆகவே இத்துறை நமக்கு எட்டாக்கனி அன்று.

படிப்படியாக வரும் உதவிகள்

பள்ளிப் பருவத்திலேயே ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டம் உண்டு. மாணவியின் புதிய கருத்து தேர்ந்தெடுக்கப்பட்டால் மாதிரி செய்ய ரூ. 10,000 வழங்கப்படுகிறது. விண்ணப்பிப்பது பள்ளி, கருத்தைத் தருவது நாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று, கல்லூரியில் அடிப்படை அறிவியல் பயில்வோர்க்கு ‘இன்ஸ்பயர்’ உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு ரூ. 80,000. பொறியியலில் சேர்வோர்க்கு இது இல்லை. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் ரூ. 1,000 வழங்குவது, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியர்க்கும் 2024 இறுதியில் விரிவாக்கப்பட்டது.

கல்லூரியில் பயிலும்போது, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். இரு மாதங்கள் ஒரு விஞ்ஞானியின் அருகிருந்து கற்கலாம். அதற்கும் உதவித்தொகை உண்டு. ‘கேட்’ தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் ரூ. 12,400. எம்.எஸ்சி.க்குப் பின் ‘நெட்’ தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023 முதல் உயர்த்தப்பட்டபடி மாதம் ரூ. 37,000, பின்னர் ரூ. 42,000. பெண்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டுச் சலுகையும் உண்டு.

திருமணத்தாலும் குழந்தை வளர்ப்பாலும் ஆய்வை இடையில் விட்ட பெண்கள் மீண்டும் ஆய்வுக்கூடம் திரும்ப மத்திய அரசு தனித் திட்டம் வகுத்துள்ளது. இன்று அது ‘வைஸ்-கிரண்’ என்ற பெயரில் நடைபெறுகிறது. விஞ்ஞானிகளின் ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் வழங்க, 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கப்பட்டுள்ளது.

பணம் வந்தபின்னும் வளர்ச்சி தேவை. 1989-இல் தோன்றிய இந்தியப் பொருளாராய்ச்சிக் கழகம், இந்திய உலோகவியல் கழகம் போன்றவை கருத்தரங்குகள் நடத்துகின்றன. நம் ஆய்வைப் பிறர்முன் எடுத்துரைக்கவும் பிறர் குறை கூறக் கேட்டுத் திருத்தவும் அவை நல்ல களங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

சம்பாவையும் கடலையும் நம்பி வாழும் வீடுகளில், “பி.எஸ்சி. போதும், மேலே படிக்க வைக்கப் பணம் ஏது?” என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் ஆராய்ச்சிப் படிப்பில், தேர்வில் வென்ற மகளுக்கு அரசே மாதந்தோறும் பணம் தருகிறது. அது கடனும் அன்று, பிச்சையும் அன்று. போட்டி கடுமையானது, எல்லோர்க்கும் கிடைத்துவிடாது, தொகை சில வேளை தாமதமாகவும் வரும். இவை உண்மையே. ஆனால் தகுதி இருந்தும், கடைசி நாள் தெரியாமலும் சான்றிதழ் இல்லாமலும் வாய்ப்பை இழப்பது வருந்தத்தக்கது அன்றோ?

ஆகவே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மகளின் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே பெற்று வைப்போம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் மற்றொன்று, ஆதாரில் வேறொன்று என்றிருந்தால் இப்போதே திருத்திக்கொள்வோம். தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை. ஆண்டுதோறும் அறிவிப்பைக் கேட்டறிவோம்.

தாலந்து உவமையில் தலைவன் கண்டித்தது குறைவாகப் பெற்றவனை அன்று; பெற்றதை மண்ணில் புதைத்து வைத்தவனையே. அன்புத் தோழியரே! இறைவன் நமக்கு அளித்த அறிவைப் புதைத்து வைக்காமல் பெருக்குவோம். உதவி பெற்று உயர்வோம். உயர்ந்தபின், மேரி கியூரியைப் போல் அடுத்து வருபவளுக்கு வழிவிடுவோம்.