தொழில் நிலையங்களும் அன்பளிப்பும்

ஒருவர் ஒரு பொருளை வேண்டிக் கேட்டற்குத் தமிழில் ஈ, தா, கொடு என மூன்று சொற்கள் உள. இன்று அவை வேறுபாடின்றி வழங்கப்படினும், தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் அவற்றைப் பிரித்தே கூறினார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்பான். ஒத்தோன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். வகுப்பறையில் இதனை மாணவர் இலக்கண நுட்பமாகவே கொள்வர். தொழில் நிலையங்கள் தம் வாடிக்கையாளர்க்கும் ஊழியர்க்கும் அன்பளிப்பு வழங்குதல் பெருவழக்காகிவிட்ட இக்காலத்தில் அஃது உலகியல் நுட்பமுமாம். எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நகரங்களிலும் தொழில் நிலையங்களை நடத்துகின்றனர். பிறர் அவற்றில் உயர்பதவி வகிக்கின்றனர். ஆதலின் இப்பொருள் குறித்துச் சில கூறல் இம்மலருக்குப் பொருந்தும் எனக் கருதினோம்.

வழங்கும் முறை பிழைப்பின் பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர். மன்னன் அவரை நேரிற் காணாது பரிசிலை மட்டும் அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். காணாது அளித்த பெரும்பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகரல்லர் என்பதும், தகுதியறிந்து அளிப்பின் தினையளவேனும் இனியது என்பதும் அவர் கருத்து. புறநானூற்றில் உள்ள இச்செய்தி, ஆண்டிறுதியில் நூறு பொதிகளுக்கு ஒரே முகவரித் தாளை ஒட்டி அஞ்சலில் அனுப்பிவிட்டு அமர்ந்திருக்கும் முகாமையாளர் அறியவேண்டியதொன்றாகும்.

எம்மவர் மரபில் இதற்குச் சிறந்த சான்று கைவிசேடம். சித்திரைப் புத்தாண்டில் பஞ்சாங்கம் குறித்த சுபவேளையில், வெற்றிலையில் நெல்லும் பூவும் நாணயமும் வைத்து, மூத்தோர் இளையோர்க்கும் முதலாளி தொழிலாளர்க்கும் தம் கையாலேயே வழங்குவர். தொகை பெரிதன்று. பெறுபவர் அதனை எண்ணிப் பார்ப்பதும் இல்லை. கண்ணில் ஒற்றிப் பத்திரப்படுத்துவர். கடைக்காரர் தம் கடைச் சிப்பந்தியின் பெயரைச் சொல்லி அழைத்து, முகம் பார்த்து வழங்கும் அந்த ஒரு கணத்திலேயே அதன் பெறுமதி முழுவதும் உளது.

ஊழியர்க்கு வழங்குவதில் முதலில் தெளியவேண்டியது, உரிமை வேறு, அன்பளிப்பு வேறு என்பதாம். இந்தியாவில் 1965 ஆம் ஆண்டின் போனசுச் சட்டம், அதன்பாற்பட்ட தொழிலாளர்க்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 வீதத்தைக் குறைந்த அளவு போனசாக விதித்தது. ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளமாகிய அது தீபாவளியை ஒட்டிக் கைக்கு வரினும் பரிசன்று, உழைத்தவன் உரிமை. எமது நாட்டு மலையகத் தோட்டங்களில் வழங்கும் தீபாவளி முற்பணமோ பின்னர்ச் சம்பளத்திற் கழிக்கப்படும் கடனேயாம். இவற்றை ‘அன்பளிப்பு’ எனப் பெயரிட்டு மேடையிற் புகழ் பெறுதல் முறையன்று. சம்பளத்தை உரிய நாளில் கொடாத நிலையம் பட்டுப் பெட்டியில் இனிப்பு வழங்குவதில் என்ன சிறப்பு உண்டு?

வாடிக்கையாளர்க்கு வழங்கும் பொருள்களுள் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் நாட்காட்டியை விஞ்சியது பிறிதில்லை என்பது எம் துணிபு. அது சுவரில் தொங்குகிறது. நாள்தோறும் ஒரு தாள் கிழிக்கப்படுகிறது. இராகுகாலமும் விரதநாளும் அதிற் பார்க்கப்படுகின்றன. கடையின் பெயர் அடியில் அடக்கமாக நிற்கும். கண்ணாடிப் பேழைக்குள் வைத்த நினைவுச் சின்னமோ, நிறுவன முத்திரையை உள்ளங்கையளவு பொறித்த சுவர்க்கடிகாரமோ பெறுபவர்க்குப் பயன்படுவதிலும் கொடுப்பவர்க்கு விளம்பரமாவதே மிகுதி. (பொன்னாடைகளைப் பற்றி எழுதின் இம்மலர் போதாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒவ்வொருவர் அலுமாரியிலும் அவை அடுக்கி வைக்கப்பட்டுள்ளன.) யப்பானியர் ஆண்டின் நடுவிலும் இறுதியிலுமாக இருமுறை தமக்கு உதவினோர்க்குப் பரிசு அனுப்புவர். அவற்றுட் பெரும்பாலன எண்ணெய், பழம், நூடில்சு போன்ற உண்டு தீரும் பொருள்களே. வீட்டில் இடத்தை அடைக்காத பரிசு என்னும் அக்கருத்து வியக்கத்தக்கது.

இந்நெறியில் எமது வன்னி நிலத்துக்கு வாய்த்தது பனை. போர்க்காலத்திற் காப்பரண்களுக்காக எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. எனினும் எஞ்சி நின்றவை இன்றும் குருத்தீன்கின்றன. கண்டாவளையிலும் அயலூர்களிலும் ஓலை பின்னத் தெரிந்த பெண்மக்கள் உளர்; 2009 இன் பின் குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமப்போர் வன்னியிற் பலர். நீற்றுப்பெட்டி, சுளகு, கடகம், மூடியுடன் கூடிய சிறுபெட்டி, பாய் என்பன அவர் கைத்திறனில் உருவாகின்றன. ஒரு சிறுபெட்டியிற் பனங்கட்டிக் குட்டான் இரண்டும் புழுக்கொடியல் ஒரு பொதியும் வைத்தளிப்பின், உள்ளீடு உண்ணப்பட்ட பின்னரும் பெட்டி வீட்டில் நின்று உதவும். பிறநாட்டு வாடிக்கையாளர்க்கு ஒடியலின் பயன் விளங்காதாகலின் சிறு விளக்கத்தாள் ஒன்று சேர்த்தல் நன்று. மழைக்காலத்திற் பனங்கட்டி ஈரத்தை ஈர்த்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வழங்குவோர் காற்றுப் புகாத உறையிலிட்டு அனுப்புக. விலையைக் குறைக்குமாறு பேரம் பேசுதல் இவ்விடத்திற் கூடாது. நகரத்து அங்காடியில் நெகிழிப் பேழைக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர், மூன்று நாட் கைவேலைக்கு ஏன் தயங்கவேண்டும்?

அரசாங்க அலுவலர்க்கு வழங்குதல் வேறு வகையது. எமது நாட்டில் 1954 ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் முதல் 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வரை, அலுவலர் கடமை தொடர்பாகப் பரிசு கொடுப்பதும் பெறுவதும் குற்றமெனக் கொள்ளப்படுகின்றன. அனுமதிப் பத்திரமோ ஒப்பந்தமோ எதிர்பார்த்து நிற்கும் நிலையம், தீர்ப்பளிக்கும் மேசைக்குப் பழக்கூடையும் அனுப்பாதிருத்தலே தகும்.

எமது சங்கமும் இவ்விழா ஆண்டில் நன்கொடையாளர் பலர்க்கு நினைவுப் பொருள் வழங்கவிருக்கின்றது. அப்பட்டியலிற் கல்லூரி வாயிற்காவலர், ஆய்வுகூட உதவியாளர், முற்றங் கூட்டுவோர் ஆகியோர் பெயரும் இடம்பெறல் வேண்டும். நன்கொடையாளர்க்கு அளிக்கும் அதே பெட்டியே அவர்க்கும் அளிக்கப்படல் வேண்டும். சித்திரைக் கைவிசேடத்தோடு வழங்குவதாயின் தை மாதத்திலேயே பின்னுவோரிடம் தொகையைச் சொல்லி, முற்பணமுங் கொடுத்துவிடல் நன்று. குருத்து வெட்டிக் காயவிட்டு, வார்ந்து, சாயமேற்றிப் பின்னி முடிக்க நாட்செல்லும். மாசியில் அறுவடை வேலை மும்முரமாகிவிடின் பின்னுங் கைகள் வயலுக்குப் போய்விடும்.