குதிரையின் கண்ணுக்கு ஒரு நிமிடக் கதிர்

குதிரையின் கண்ணிலும் அதைச் சுற்றியும் வரும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது செதிள் செல் புற்றுநோய். மூன்றாம் இமையின் ஓரத்திலோ, கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பிலோ மிளகளவில் இளஞ்சிவப்பாக, சொரசொரப்பாகத் தலைகாட்டும். கண்ணில் நீர் வடியும். தூசி விழுந்திருக்கும், ஈ மொய்த்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். கண் பறிபோவது பெரும்பாலும் இந்தத் தாமதத்தால்தான்.

கட்டி மெல்லியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் கைகொடுக்கும். குதிரைக்கு நின்ற நிலையிலேயே தூக்க ஊசி போட்டு, இமை நரம்பையும் கண்ணையும் மரத்துப்போகச் செய்கிறார்கள். கட்டியைச் சீவி எடுத்த பிறகு, ஒரு நீண்ட கோலின் நுனியில் உள்ள, ஸ்ட்ரான்சியம் அடங்கிய வட்டத் தகட்டை அந்த இடத்தில் ஒட்டினாற்போல் வைத்துப் பிடிக்கிறார் மருத்துவர். தகட்டின் குறுக்களவு 1 செ.மீ.க்கும் குறைவு. கைக்கும் தகட்டுக்கும் நடுவே அக்ரிலிக் தடுப்பு இருக்கும். ஓரிடத்துக்கு ஒரு நிமிடம், சற்றுக் கூடக்குறைய. பரப்பு பெரிதென்றால் தகட்டை நகர்த்தி நகர்த்தி வைப்பார்கள்.

இதிலிருந்து வெளிப்படும் பீட்டா கதிருக்கு ஆழம் எட்டாது. அதுதான் இதன் பெரிய பலம். 2 மி.மீ. ஆழத்துக்குப் போவதற்குள் மேற்பரப்பு அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அதனால் மேற்பரப்பில் மிக அதிக அளவு கொடுத்தாலும் உள்ளே இருக்கும் விழிலென்சும் விழித்திரையும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. முழு மயக்கம் தேவைப்படாதது அடுத்த நன்மை. அரை டன் எடையுள்ள விலங்கு மயக்கம் தெளிந்து எழும்போது தடுமாறிக் காலை முறித்துக்கொள்ளும் ஆபத்தைக் குதிரை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

தடித்த கட்டிக்கு இது போதாது. இமைக்குள் ஆழப் புதைந்ததென்றால் இரிடியம்-192 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளைத் திசுவுக்குள்ளேயே செலுத்துவது உண்டு. சிகிச்சை முடிந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கலாம். விழிக்குள்ளேயே பரவிவிட்டால் கண்ணை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெயிலின் புறஊதாக் கதிர் இந்நோய்க்கு முக்கியக் காரணம். கண்ணோரம் கருநிறம் இல்லாத அப்பலூசா, பெயின்ட் இனக் குதிரைகளுக்கு ஆபத்து கூடுதல். ஹாஃப்லிங்கர் இனத்தில் புறஊதாச் சேதத்தைச் சரிசெய்ய உதவும் டிடிபி2 மரபணுவில் ஒரு பிழை இருப்பது தெரியவந்து, இப்போது அதற்குப் பரிசோதனையும் உண்டு. அந்தப் பிழையை இரு பிரதிகளாகச் சுமக்கும் குதிரைக்குப் புறஊதாவைத் தடுக்கும் முகமூடி மாட்டுவதும், கண்ணை அடிக்கடி மருத்துவரிடம் காட்டுவதும் கட்டாயம். ஒரு பிரதி மட்டும் உள்ள இரண்டு குதிரைகளை இணை சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் இரு பிரதிகளும் வந்துசேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த இணையைத் தவிர்ப்பது வளர்ப்பவர் கையில் இருக்கிறது.